கோள்களைப் படமெடுக்கும் கேமரா – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். என்னிடம் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள மக்சுத்தோவ் வகைத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவை அதில் பொருத்தி நிலாவை ஓரளவு எடுத்துவிடுகிறேன். வியாழன் மட்டும் எப்போதும் ஓரம் கலைந்த வெண்பொட்டாகவே வருகிறது. வானியலுக்கென்றே செய்யப்பட்ட கேமரா வாங்கலாம் என்று விசாரித்தபோது, ஒரு கடையில் குளிரூட்டும் வசதியும் பெரிய உணரியும் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) கொண்ட, என் சம்பளத்துக்கு எட்டாத கருவியைக் காட்டினார்கள். கோள்களை எடுப்பவர்களோ சுண்டுவிரல் நகமளவு உணரி கொண்ட சிறு கேமராவைப் பரிந்துரைக்கிறார்கள். திரையும் மெமரி கார்டும் இல்லாத அந்தக் கருவியால் என்ன செய்ய முடியும்? மாணவர்களுக்குச் சூரியனைக் காட்டவும் அது உதவுமா? ஈரமும் மூட்டமும் தெருவிளக்கும் நிறைந்த நம் ஊர்களில் இதற்கெல்லாம் பலன் உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள நண்பருக்கு,

சிறிய கேமராவையே வாங்குங்கள். உங்களுக்குக் காட்டப்பட்ட பெரிய கருவி நெபுலா எனும் வான்முகில்களுக்கும் விண்மீன் மண்டலங்களுக்கும் உரியது. மங்கலான ஒளியை நிமிடக்கணக்கில் திரட்டும்போது உணரியின் வெப்பத்தால் படத்தில் இரைச்சல், அதாவது பொடிப்பொடியான புள்ளிகள், பெருகும் என்பதால் அதற்குக் குளிரூட்டி தேவைப்படுகிறது. வியாழனுக்கு ஒரு படத்தின் ஒளிபடும் நேரம் ஏறத்தாழ 8 மில்லிவினாடிதான். அவ்வளவு குறுகிய நேரத்தில் அந்த வெப்பம் ஒரு பொருட்டே இல்லை.

உங்கள் வியாழன் வெண்பொட்டாக வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, கரிய வானத்தைக் கண்ட கேமரா தானாகவே ஒளியை மிகுத்து எடுத்துவிடுகிறது. அதைக் கையால் குறைத்துவிடலாம். மற்றது காற்று. வெவ்வேறு வெப்பநிலையுள்ள காற்றடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது, ஓடும் வாய்க்காலின் அடியில் கிடக்கும் கூழாங்கல் நெளிவதைப்போலக் கோளின் பிம்பமும் நெளிகிறது; ஆனால் அந்த நெளிவுக்கு நடுவே, வினாடியின் ஒரு சிறு பங்கு நேரத்துக்குக் காற்று அமைதியடைந்து பிம்பம் தெளிவாகிறது. அப்படிப்பட்ட நற்கணங்கள் எவ்வளவு அடிக்கடி வாய்க்கும் என்பதை டேவிட் ஃப்ரைட் என்ற அறிஞர் 1978-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். கோள் கேமரா அந்தக் கணங்களைத் தவறவிடாமல் பிடிப்பதற்காகவே அமைக்கப்பட்ட கருவி. அதன் வேகத்தில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

உங்கள் தொலைநோக்கியைக் கொண்டே கணக்கிட்டுப் பார்ப்போம். அதன் குவியத் தொலைவு 1800 மி.மீ., அதை 150 மி.மீ. விட்டத்தால் வகுத்தால் வரும் குவிய விகிதம் 12 (எஃப்/12). சோனியின் ஐஎம்எக்ஸ் 462 உணரியில் ஒரு படப்புள்ளி (பிக்சல்) 2.9 மைக்ரோமீட்டர் அளவுடையது. குவிய விகிதம், மைக்ரோமீட்டரில் சொல்லும் படப்புள்ளி அளவைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்பது கோள்களை எடுப்பவர்களின் நடைமுறை விதி. உங்களுக்கு அது நான்கு மடங்குக்குச் சற்று மேலே அமைகிறது; ஆகவே குவியத் தொலைவை நீட்டும் பார்லோ லென்ஸுக்கு இப்போது செலவிட வேண்டாம். நமக்கு அருகில் வரும் காலத்தில் வியாழன் 45 வில்வினாடி (ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கே ஒரு வில்வினாடி) அளவில் தெரியும்போது, அதன் குறுக்களவு உணரியில் ஏறத்தாழ 135 படப்புள்ளிகளை மட்டுமே நிரப்பும். பெரிய உணரி வாங்கினால் மீதி இடமெல்லாம் வெறும் கருவானமாகவே இருக்கும்.

ஆகவே உணரியின் நடுவில் 400-க்கு 400 என்ற சிறு சதுரத்தை மட்டும் வாசிக்கும்படி மென்பொருளில் அமைத்துவிடுகிறோம். யூஎஸ்பி 3.0 வழியாக வினாடிக்கு 120 படங்கள்வரை, எந்தச் சுருக்கமும் இல்லாமல், மடிக்கணினிக்கு வந்து சேரும். டிஎஸ்எல்ஆர் காணொளி நுண்விவரங்களை நசுக்கிச் சேமிப்பதுபோல இங்கே நேர்வதில்லை. இரண்டு நிமிடங்களில் 14,000 படங்களுக்கு மேல் சேர்ந்துவிடும். இடத்தைப் பொறுத்தவரை இரண்டு ஜிகாபைட்டுக்கு மேல் ஆகும். எனவே கணினியில் வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் இருக்கட்டும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத் தானே சுற்றிவிடுவதால், இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் பதிவை நீட்டினால் நுண்விவரங்கள் இழுபடத் தொடங்கும்.

ஃபயர்கேப்சர் அல்லது ஷார்ப்கேப் என்ற மென்பொருளில் பதிவுசெய்து, ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் தரவரிசைப்படுத்தி, சிறந்த 20 விழுக்காட்டை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். 3,000 படங்களை அடுக்கினால் இரைச்சல் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். அதன்பிறகே ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளில் கூர்மையைக் கூட்டி வியாழனின் பட்டைகளை வெளிக்கொணர முடியும். கூர்மைப்படுத்துவதில் தயவுசெய்து அடக்கம் காட்டுங்கள். கோளின் விளிம்பில் வெள்ளை வளையம் தோன்றினால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுக்கும் ஒருநிறக் கேமராவில் விவரம் கூடும் என்பது உண்மை. ஆனால் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளை மாற்றி மாற்றி எடுப்பதற்குள் நம் வானத்தில் மேகம் வந்துவிடும். வண்ணக் கேமராவே நமக்கு ஏற்றது. புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி அதில் உள்ளதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்து வாங்குங்கள்.

நிலாவுக்கு இந்தச் சிறு உணரி ஒரு குறைதான். உங்கள் தொலைநோக்கியில் நிலாவின் பிம்பம் 16 மி.மீ.க்கு மேல் விழும். உணரியின் அகலமோ 5.6 மி.மீ. முழு நிலாவை எடுக்க உங்கள் பழைய கேமராவையும் குறைந்த குவியத் தொலைவுள்ள லென்ஸையும் பயன்படுத்திக்கொண்டு, இந்தக் கேமராவைப் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டருகே உள்ள கிண்ணக்குழிகளுக்கு ஒதுக்குங்கள்.

சூரியனைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சூரிய வடிகட்டி தொலைநோக்கியின் முன்வாயை முழுதாக மூட வேண்டும். கேமராவுக்கு அருகில் திருகும் எந்தச் சிறு கண்ணாடியும் குவிந்த வெப்பத்தில் வெடித்துவிடக்கூடும். வடிகட்டித் தாளில் 5.0, 3.8 என்ற இரண்டு ஒளியடர்த்திகள் உண்டு; எண் கூடினால் தடுக்கும் ஒளியும் கூடும். 3.8 கேமராவுக்கு மட்டுமே உரியது, கண்ணுக்கு ஆகாது. பிள்ளைகள் கூடும் இடத்தில் 5.0 தாளைத் தவிர வேறொன்று இருக்கவே கூடாது. காற்றில் கழன்றுவிடாதபடி அதைப் பட்டையிட்டு ஒட்டுங்கள். குறிகாட்டும் சிறு தொலைநோக்கியைக் கழற்றி வைத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தபின், ஒரு பிள்ளையும் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டிய தேவையின்றி, வகுப்பே கூடி மடிக்கணினித் திரையில் சூரியக் கறைகளைக் காண முடியும் என்பதுதான் இந்தக் கேமரா உங்கள் பள்ளிக்குத் தரும் பெரிய நன்மை என்று நான் கருதுகிறேன். வெயில் திரையில் விழாதபடி ஓர் அட்டைப்பெட்டிக்குள் கணினியை வைத்தால் போதும். நேரம் காலை எட்டரையிலிருந்து பத்துக்குள் இருக்கட்டும். அதற்குப்பின் தார்ச்சாலையும் தகரக் கூரைகளும் சூடேறிப் பிம்பத்தைக் கலைத்துவிடும். புல் நிறைந்த பள்ளித் திடலின் நடுவே அது குறைவு. 2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் வரவிருக்கும் வளையச் சூரிய கிரகணத்தின் பாதை தென்னிந்தியா, வட இலங்கை, மலேசியா ஆகிய மூன்றையும் தொட்டுச் செல்கிறது என்பதை மாணவர்களிடம் சொல்லிவையுங்கள்.

நம் ஊரைக் குறைவாக எண்ணாதீர்கள். நான் இருப்பதும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர்தான். தெருவிளக்கு நெபுலாவை மறைக்கும். கோள்களுக்கு அது தடையில்லை. சுங்கை சிப்புட்டில் எந்தக் கோளும் உச்சிக்கு வரும்போது 60 பாகை அளவுக்காவது உயர்ந்துவிடுகிறது. அதே கோள் வான்கோளத்தின் தென்பகுதியில் இருக்கும் ஆண்டுகளில் லண்டனில் 15 பாகை உயரத்தில் அடர்ந்த காற்றின் வழியே தவழும். மெல்லிய மூட்டமுள்ள இரவுகளில் காற்று அசையாமல் இருப்பதும் உண்டு, ஆகவே அவற்றை ஒதுக்காதீர்கள். ஈரம்தான் உண்மையான பகை. தொலைநோக்கியைக் குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி வியர்த்துவிடும். அதை மின்விசிறி மட்டுமுள்ள அறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட பெட்டியில் வையுங்கள், பூஞ்சையும் பிடிக்காது.

நம்மைப்போன்றே ஈரமான வெப்பநாட்டில், பிலிப்பீன்சின் செபு நகரில் இருந்துதான் கிறிஸ்டோபர் கோ என்ற அமெச்சூர் வானியலாளர் 2006 பிப்ரவரியில் வியாழனின் ஒரு வெண்புயல் செந்நிறமாக மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். 2010 ஜூன் 3-ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் அந்தோனி வெஸ்லி வியாழனில் ஏதோ மோதி வினாடி நேரம் ஒளிர்ந்ததைக் கண்டபோது, அதே ஒளி கோவின் பதிவிலும் இருந்ததால்தான் அந்நிகழ்வு உறுதியானது. எனவே ஒவ்வொரு முறையும் கணினியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு சரிசெய்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். படம் அடுக்கி முடிந்ததும் மூலப் பதிவை உடனே அழித்துவிடாமல், ஒருமுறையாவது முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள்.

அன்புடன்.