பிஸ்டன் வாங்குமுன் சிலிண்டர் போரை அளந்தீர்களா?

படகு இஞ்சின்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்களிடம் 40 குதிரைவலு யமஹா எண்டூரோ, டூ ஸ்ட்ரோக் இஞ்சின் இருக்கிறது. வலை இழுத்துவிட்டுக் கரைக்கு வரும்போது ஜாம் ஆகி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் மேல் சிலிண்டர் பிஸ்டன் ஒரு பக்கம் உரசிப்போய் ரிங்கும் ஒட்டியிருக்கிறது. ஃபோர்ஜ்ட் ரேசிங் பிஸ்டன் போட்டால் வேகமும் கூடும், நெடுநாள் உழைக்கும் என்று கடையில் சொல்கிறார்கள். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. போடலாமா?
— ஒரு வாசகர், அளம்பில்

பதில்: வேண்டாம் தம்பி. அந்தக் காசை லேத் கடைக்கும் நல்ல எண்ணெய்க்கும் வையுங்கள்.

முதலில் வேகக் கதையை முடித்துவிடுவோம். பிஸ்டனை மட்டும் மாற்றி எந்த இஞ்சினும் வேகமாக ஓடியதில்லை. வேகம் வருவது போர்ட் (சிலிண்டர்ச் சுவரிலுள்ள வாசல்கள்) வெட்டுவதிலும் கம்ப்ரஷனைக் கூட்டுவதிலும் கார்பரேட்டரிலும்தான். அப்படியெல்லாம் செய்து இஞ்சினை வதைக்கும்போது பிஸ்டன் உடையாமல் தாங்க வேண்டும் என்பதற்காகத்தான் ஃபோர்ஜ்ட். உங்கள் எண்டூரோ முழு திரொட்டிலில் நிமிடத்துக்கு 5,000 சுற்றை ஒட்டி ஓடுகிற இஞ்சின், அதற்குக் கம்பனி போட்ட வார்ப்புப் பிஸ்டனே தாராளம்.

அதைவிடப் பெரிய காரணம் உங்கள் கரை. வார்ப்புப் பிஸ்டன் உருக்கிய அலுமினியத்தை அச்சில் ஊற்றிச் செய்வது, அதில் சிலிக்கன் கூட இருப்பதால் சூட்டில் அதிகம் விரியாது. ஃபோர்ஜ்ட், அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் நெரித்துச் செய்வது. பலம் கூடுதல்தான், ஆனால் ரேசிங்குக்கு வருபவற்றில் பெரும்பாலும் சிலிக்கன் குறைவு, சூடேறினால் நன்றாக விரியும், அதனால் போருக்கும், அதாவது சிலிண்டரின் உள்துளைக்கும், பிஸ்டனுக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விட வேண்டும், ஓட முன் ஆறுதலாகச் சூடாக்கவும் வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் யார் சூடாக்குகிறார்கள்? படகைத் தள்ளி, ஏறி, கயிற்றை இழுத்த கையோடு அலை உடைகிற இடத்தைத் தாண்ட முழு திரொட்டில் கொடுத்தாக வேண்டும், வாடைக் காலத்தில் கேட்கவே வேண்டாம். சிலிண்டர் இன்னும் குளிராக இருக்க பிஸ்டன் மட்டும் சடாரென்று விரிந்து நாலு மூலையிலும் பிடித்துக்கொள்ளும். கரையில் வைத்தே ஓட்டிச் சூடாக்கலாமே என்று நினைக்காதீர்கள், தண்ணீர் இல்லாமல் சுற்றினால் தண்ணீர்ப் பம்பின் விசிறி (இம்பெல்லர்) போய்விடும். இஞ்சினைக் கழற்றித் தண்ணீர்ப் பரலில் இறக்கி ஓட்டலாம், தினமும் விடிய முன் அதைச் செய்ய உங்களுக்குப் பொறுமை இருந்தால்.

சரி, இப்போது பழைய பிஸ்டனைக் கையில் எடுங்கள். உரசல் எக்ஸோஸ்ட் பக்கம் மட்டும் நீளக் கோடாக இருந்தால் எண்ணெய் போதவில்லை, அல்லது சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. தலையில் ஓட்டை, அல்லது ஓரம் அரித்ததுபோல் இருந்தால் கலவையில் பெற்றோல் குறைந்து காற்று கூடியிருக்கிறது, இல்லாவிட்டால் பெற்றோல் இஞ்சினில் மண்ணெண்ணெய் கலந்து ஓடியிருக்கிறீர்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்டேன் மிகக் குறைவு, பெற்றோல் இஞ்சினின் கம்ப்ரஷனில் அது நேரத்துக்கு முன்பே வெடித்துத் தலையை அடிக்கும். எண்டூரோவில் இரண்டு சிலிண்டர். மேலது மட்டும் போனது என்றால் அந்தச் சிலிண்டருக்குப் போகும் தண்ணீர் வழியில் உப்பு கட்டியிருக்கிறதா, தேர்மோஸ்டாட் இருந்தால் அது திறக்கிறதா என்று பாருங்கள். காரணத்தைப் பிடிக்காமல் எந்தப் பிஸ்டன் போட்டாலும் அதுவும் போகும்.

அப்புறம்தான் அளவு. அந்த இஞ்சினின் போர் 80 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 70. சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாகப் போர் கேஜால் அளக்கச் சொல்லுங்கள். விரலை விட்டுத் தடவிப் பார்த்து “ஸ்டாண்டர்டே போதும் அண்ணை” என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். கீறல் ஆழமென்றால் 0.25 மில்லிமீற்றர் ஓவர்சைஸ் (அளவு கூடிய பிஸ்டன்), அதிலும் கீறல் மறையாவிட்டால் 0.50. பிஸ்டனை வாங்கிய பிறகே போர் அடிக்க (துளையைக் கடைந்து பெரிதாக்க) கொடுங்கள், அதுவும் பிஸ்டனைக் கூடவே கொடுத்து. பெட்டியில் எழுதிய அளவை வைத்து அடிக்கக் கூடாது, கையிலிருக்கும் பிஸ்டனின் ஸ்கேர்ட்டை (ரிங்குக்குக் கீழுள்ள பக்கச்சுவர்), பிஸ்டன் பின் என்ற ஊசிக்குக் குறுக்காக, கையேடு சொல்லும் உயரத்தில் மைக்ரோமீற்றரால் அளந்து அதற்குத்தான் அடிக்க வேண்டும். போர் அடித்ததும் போர்ட் ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கும், அவற்றை மழுக்காமல் பூட்டினால் ரிங் மாட்டி உடையும். லேத்காரர் பலர் இதை மறப்பார்கள், பக்கத்தில் நின்று கேளுங்கள்.

பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள “அப்” குறி பிளைவீல் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னின் இரண்டு பக்கச் சேர்கிளிப்பும் (பூட்டு வளையம்) புதிது. முதல் 10 மணித்தியாலம் 25 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், டிசி-டபிள்யூ3 என்று போட்ட அவுட்போர்ட் எண்ணெய். மோட்டார் சைக்கிள் டூ-டி எண்ணெய் மலிவு என்று அதை ஊற்ற வேண்டாம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மச்சான் பழைய 2.5 லீற்றர் மெர்குரி வி6 ரேஸ் இஞ்சின் ஒன்றைத் திருத்துகிறார். அவருக்கும் இதே பதில்தானா?
— ஒரு வாசகர், பேசாலை

பதில்: அவருக்கு ஃபோர்ஜ்ட்தான் சரி, 7,000 சுற்றைத் தாண்டி ஓட்டும் இஞ்சின், ஓட முன் சூடாக்க நேரமும் உண்டு. ஆனால் அந்த ரேஸ் பிளாக்குகளில் சில குரோம் பூசிய போர். அதை லேத்தில் போட்டு ஓவர்சைஸ் அடிக்க முடியாது, மீண்டும் பூச வேண்டும் அல்லது ஸ்லீவ் போட வேண்டும். குரோம் போரில் குரோம் ரிங் போடவே கூடாது. பிஸ்டன் ஓடர் கொடுக்கமுன் போர் எந்த வகை என்று மச்சானைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு சிலிண்டரில் ஒன்றை மட்டும் 0.25 அடித்து ஓட்டலாமா?
— ஒரு வாசகர், நாச்சிக்குடா

பதில்: மற்றது அளவில் நின்றால் ஓட்டலாம். ஓவர்சைஸ் பிஸ்டனின் நிறை ஸ்டாண்டர்டுக்கு ஏறத்தாழச் சமமாகவே செய்யப்படுகிறது, அதனால் பெரிதாக ஆட்டம் வராது. ஆனால் மற்றச் சிலிண்டருக்கும் புது ரிங் போட்டு, போரை லேசாக ஹோன் பண்ணிவிடுங்கள் (உரைகல்லால் தேய்ப்பது), ஹெட் கழற்றியது கழற்றியதுதானே.