டீசல் போட்டது ஒரு தடவை, பணம் போனது இரண்டு தடவை: யாரைக் கேட்பது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் சொந்தமாக ஒரு சரக்கு வேன் வாங்கி, நானே ஓட்டிப் பிழைக்கிறேன். டீசலுக்குச் சில நாள் கிரெடிட் கார்டு, சில நாள் டெபிட் கார்டு. போன மாத ஸ்டேட்மென்ட்டுகளைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கிரெடிட் கார்டில் 3,000 ரூபாய்க்கு டீசல் போட்ட நாளில் தனியாக 30 ரூபாயும் 5.40 ரூபாயும் பிடித்திருக்கிறார்கள். பிறகு 30 ரூபாய் மட்டும் திரும்ப வந்திருக்கிறது. இன்னொரு நாள் 5,500 ரூபாய்க்குப் போட்டதற்கு 64.90 ரூபாய் பிடித்தார்கள், அதில் ஒரு பைசாகூடத் திரும்பவில்லை. 4-ஆம் தேதி டெபிட் கார்டைப் போட்டபோது மெஷினில் 'ஃபெயில்டு' என்று வந்தது. பங்க் ஊழியர் மறுபடியும் போட்டார். என் சேமிப்புக் கணக்கிலிருந்து 2,500 ரூபாய் இரண்டு முறை போயிருக்கிறது. "எங்களுக்கு ஒரு தடவைதான் வந்தது, பேங்க்ல கேளுங்க" என்கிறது பங்க். "சக்சஸ்னு காட்டுது, பங்க்ல கேளுங்க" என்கிறது வங்கி. போதாக்குறைக்கு, கிரெடிட் கார்டில் நான் கேள்விப்படாத ஏதோ 'டிரேடர்ஸ்' பெயரில் 1,500 ரூபாய்க்கு ஒரு வரி இருக்கிறது. இது மோசடியா? வழக்குப் போட முடியுமா?

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் பொறுக்கும், அந்த 1,500 ரூபாய் வரி மட்டும் பொறுக்காது.

பங்க்கின் மேலே பெரிய எழுத்தில் எண்ணெய் நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் பெரும்பாலான பங்க்குகளை நடத்துவது தனியார் டீலர்கள். கார்டு மெஷின் அந்த டீலரின் நிறுவனப் பெயரில், அவருடைய வங்கிக் கணக்கோடு இணைக்கப்பட்டிருக்கும். அதனால் ஸ்டேட்மென்ட்டில் 'டிரேடர்ஸ்', 'ஏஜென்சீஸ்', 'அண்ட் சன்ஸ்' என்று ஏதாவது ஒரு பெயர்தான் வரும். டீசல் பில் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் நிறுவனத்தின் பெயருக்குக் கீழே டீலரின் பெயர் அச்சாகியிருக்கும். பில் இல்லையென்றால், அந்தத் தேதியில் வங்கியிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடிப் பாருங்கள். நேரமும் தொகையும் நீங்கள் டீசல் போட்டதோடு ஒத்துப்போனால் பயப்பட ஒன்றுமில்லை. ஸ்டேட்மென்ட்டில் தேதி ஒன்றிரண்டு நாள் தள்ளி விழுந்திருந்தாலும் குழம்ப வேண்டாம். கார்டைப் போட்ட நாள் ஒன்று, வங்கி கணக்கில் ஏற்றும் நாள் வேறொன்று.

ஒத்துப்போகவில்லையா? இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல் கார்டை பிளாக் செய்யுங்கள். வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகாரும் கொடுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று போட்ட விதியின்படி, வங்கியின் தவறும் இல்லாமல் உங்கள் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் பணத்தை எடுத்திருந்தால், வங்கியின் தகவல் உங்களுக்குக் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்துவிட்டால் உங்களுக்கு ஒரு ரூபாய் பொறுப்பும் கிடையாது. 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் ஒரு வரம்புவரை நீங்கள் சுமக்க வேண்டியிருக்கும். அதற்கும் மேல் போனால் அந்த வங்கியின் சொந்தக் கொள்கைதான் தீர்மானிக்கும். நாளைக் கடத்தக் கடத்த உங்கள் பக்கம் பலவீனமாகும். அதே சமயம், சரிபார்க்காமலே "மோசடி" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு அது நீங்களே போட்ட டீசல் என்று தெரிந்தால், இரட்டைப் பிடித்தம் பற்றிய உங்கள் உண்மையான புகாரையும் வங்கி அதே கண்ணோடு பார்க்கும்.

அடுத்து அந்த 2,500 ரூபாய். சொந்த வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சின்னத் தொகை இல்லை. போனால் போகட்டும் என்று தயவுசெய்து விடாதீர்கள்.

மெஷின் 'ஃபெயில்டு' என்று காட்டியதும் உண்மையாக இருக்கலாம், வங்கி 'சக்சஸ்' என்பதும் உண்மையாக இருக்கலாம். மெஷின் கேட்ட பணத்தை உங்கள் வங்கி கணக்கில் கழித்துவிட்டு 'சரி' என்று பதில் அனுப்பியிருக்கும். நடுவில் சிக்னல் அறுந்து அந்தப் பதில் மெஷினுக்கு வந்து சேராமல் போயிருக்கும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இப்போது அந்த முதல் 2,500 யாருடைய கணக்கில் இருக்கிறது?

பங்க்கின் கணக்குக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அது வங்கிகளுக்கு நடுவே நிற்கிறது. இதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை இருக்கிறது. கணக்கில் பணம் கழிந்து, கடையில் உறுதிச் செய்தி வராமல் போனால், 5 நாட்களுக்குள் பணம் தானாகவே திரும்பிவிட வேண்டும். நாள் என்பது காலண்டர் நாள், வேலை நாள் இல்லை. தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதை வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் வங்கியே கணக்கில் போட வேண்டும் என்றும் அந்தச் சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் கணக்கில் 4-ஆம் தேதி போன பணம் 9-ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். 10-ஆம் தேதியிலிருந்து, பணம் திரும்பும் நாள்வரை தினம் 100 ரூபாய் உங்களுக்குச் சேர வேண்டியது. யுபிஐயில் கடைக்குப் பணம் செலுத்தும்போது இதே சிக்கல் வந்தாலும் இதே 5 நாள், இதே 100 ரூபாய்தான்.

பணம் இரண்டு தடவையும் பங்க்கின் கணக்குக்கே போயிருந்தால் கதை வேறு. அப்போது 5 நாள் விதியை வைத்து வங்கியைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் அது தோல்வியடைந்த பரிவர்த்தனையே இல்லை. பங்க் மேனேஜர் பொய் சொல்கிறார் என்றும் உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒரு நாளில் கார்டு மூலம் வந்த மொத்தப் பணமும் ஒரே தொகையாகத்தான் பெரும்பாலும் அவர்கள் கணக்கில் வந்து விழும். அதற்குள் உங்கள் 2,500 கூடுதலாக இருப்பதை, ஒவ்வொரு வரியாகப் பார்க்காமல் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் தேதிக்கான செட்டில்மென்ட் பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் உங்கள் பணம் இரண்டு முறை இருந்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 72-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தே ஆக வேண்டும். பங்க்கிற்கு இதில் வேறு பேச்சு கிடையாது. பட்டியலைக் காட்டவே மறுத்தால், பங்க்கில் எழுதிப் போட்டிருக்கும் எண்ணெய் நிறுவன விற்பனை அதிகாரியின் எண்ணுக்குப் பேசுங்கள். டீலர்கள் அந்த அழைப்பை மதிப்பார்கள்.

இதையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டியது நீங்கள் இல்லை. கண்டுபிடித்துச் சொல்லும்படி வங்கியை எழுத்தில் கேட்க வேண்டியதுதான் உங்கள் வேலை. இவ்வளவு நாளும் நீங்கள் கவுன்ட்டரில் வாயால் கேட்டீர்கள், அவர்களும் வாயால் பதில் சொல்லி அனுப்பினார்கள். நீங்கள் கேட்டதற்கு எந்தச் சாட்சியமும் இல்லை. கிளை மேலாளருக்கு இப்படி ஒரு பக்கம் எழுதுங்கள்:

"என் சேமிப்புக் கணக்கிலிருந்து 4-ஆம் தேதி டெபிட் கார்டு மூலம் 2,500 ரூபாய் வீதம் இரண்டு முறை ஒரே பங்க்கிற்குக் கழிக்கப்பட்டுள்ளது. நான் டீசல் வாங்கியது ஒரு முறை மட்டுமே. முதல் பரிவர்த்தனை தோல்வி என்று மெஷின் காட்டியது. இந்த இரண்டு பரிவர்த்தனைகளின் ஆர்ஆர்என் எண்களையும், பணம் வணிகரின் கணக்கில் சேர்ந்ததா என்ற விவரத்தையும் எழுத்துபூர்வமாகத் தருமாறும், முதல் பரிவர்த்தனைக்கு சார்ஜ்பேக் எழுப்புமாறும், சேரவில்லையெனில் 20.09.2019 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி இழப்பீட்டுடன் வரவு வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

ஆர்ஆர்என் என்பது ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள 12 இலக்க அடையாள எண். மெஷினிலிருந்து வரும் சீட்டிலும் இருக்கும். சார்ஜ்பேக் என்பது உங்கள் வங்கி, பங்க்கின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை. இந்த இரண்டு சொற்களும் கடிதத்தில் இருந்தால், "பங்க்ல கேளுங்க" என்று சொல்லி அனுப்ப முடியாது. கடிதத்தோடு ஸ்டேட்மென்ட் நகலையும், 'ஃபெயில்டு' சீட்டு இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். அந்தச் சீட்டு சில மாதங்களில் எழுத்தெல்லாம் அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். இனிமேலாவது சீட்டைக் கையில் வாங்கியதும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்திலேயே பதியலாம், விளக்கம் வேண்டுமென்றால் 14448 என்ற எண் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. வக்கீலாக இருந்துகொண்டே சொல்கிறேன், இந்தப் புகாரை எழுத யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, 30 ரூபாய், 5.40 ரூபாய் விஷயத்துக்கு வருவோம். இதில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல அதிகம் இல்லை. மற்ற கடைகளில் கார்டு மூலம் பணம் வாங்குவதற்கு ஆகும் செலவைக் கடைக்காரரே ஏற்கிறார். பங்க் டீலருக்கு லிட்டருக்கு இவ்வளவு என்று கமிஷன் நிர்ணயமாகியிருப்பதால், கிரெடிட் கார்டு செலவு எரிபொருள் சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம், என்ற பெயரில் வாடிக்கையாளர் தலையில் வந்து விழுகிறது. பொதுவாக இது 1 சதவீதம். 3,000-க்கு 30. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5.40.

"டீசலுக்குத்தான் ஜிஎஸ்டியே கிடையாதே" என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, மாநில அரசின் வாட் வரிதான் விதிக்கப்படுகிறது. ஆனால் இங்கே வரி விழுவது டீசல் மேல் இல்லை, கார்டு சேவைக்கான அந்த 30 ரூபாய் மேல். சர்சார்ஜைத் திருப்பித் தருவது வங்கி தன் கார்டுக்குக் கொடுக்கும் சலுகை. பெரும்பாலான கார்டுகளில் அந்தச் சலுகை வரியைத் தொடாது. அதனால்தான் 30 வந்தது, 5.40 வரவில்லை.

5,500 ரூபாய்க்கு எதுவும் திரும்பாததற்கும் காரணம் அந்தச் சலுகையின் வரம்பாகத்தான் இருக்கும். 55 ரூபாய் சர்சார்ஜ், 9.90 வரி, மொத்தம் 64.90 என்று கணக்கு நேராக இருக்கிறது. பல கார்டுகளில் ஒரு தடவைக்கு 4,000 அல்லது 5,000 ரூபாய்க்குள் போட்டால்தான் சலுகை, மாதத்துக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. கார்டோடு வந்த முக்கிய நிபந்தனைகள் தாளைப் பாருங்கள். அதில் இந்தக் கட்டணமே சொல்லப்படவில்லை என்றால்தான் உங்களுக்கு வழக்கு இருக்கிறது. கார்டு கொடுக்கும்போது தெரிவிக்காத, நீங்கள் ஒப்புக்கொள்ளாத கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு கார்டு விதிகள் சொல்கின்றன. பில்லை எதிர்த்துக் கேட்டால் 30 நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆனால் விளக்கம் வரும்வரை பில்லில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு கட்டாதீர்கள். வட்டி ஏறும். கட்டிவிட்டுக் கேளுங்கள், கட்டியதால் உரிமை போய்விடாது.

ரூபே டெபிட் கார்டு என்றால், அல்லது வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ என்றால், நிலைமை வேறு. பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தின் 10ஏ பிரிவு இவற்றுக்கு எந்தக் கட்டணமும் வசூலிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி 1 முதல் தடுக்கிறது. அப்படிச் செலுத்தியதற்கு ஸ்டேட்மென்ட்டில் சர்சார்ஜ் என்று ஒரு ரூபாய் விழுந்திருந்தாலும் தயங்காமல் திரும்பக் கேளுங்கள்.

வழக்குப் போட முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நீங்களே வாதாடலாம், நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பங்க் தரப்பு ஒரு ஆட்சேபணையைக் கிளப்பக்கூடும்: "சரக்கு வேனுக்குப் போட்ட டீசல், வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை" என்று. சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்தவென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கம் சொல்கிறது. நீங்களே வண்டி ஓட்டுகிறீர்கள் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதி, ஓட்டுநர் உரிமத்தின் நகலையும் இணைத்துவிடுங்கள். வங்கியையும் பங்க்கையும் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

வழக்குக்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்றாலும், வங்கிக்கான கடிதத்தை இந்த வாரமே கொடுங்கள். நகலில் கிளையின் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் இல்லாமல் வங்கியை விட்டு வெளியே வராதீர்கள்.