சாந்திபத் கொடிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய ஃப்ளாப்பி கிடைத்தது. மேலே பால்பாயிண்ட் பேனாவில் 'கார்மென்' என்று என் கையெழுத்து. திருடனைத் துரத்தி ஊர் ஊராகப் பறக்கும் அந்த கம்ப்யூட்டர் விளையாட்டை இணையத்தில் தேடிப்பிடித்து என் ஒன்பது வயது மகளிடம் கொடுத்தேன். ஒவ்வொரு துப்பையும் போனில் கேட்டாள், கால் மணி நேரத்தில் திருடனைப் பிடித்தாள், "இவ்வளவுதானாப்பா?" என்று எழுந்து போய்விட்டாள். நாங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய விளையாட்டு அது! அதில் நிஜமாகவே ஏதாவது கற்றோமா? நீங்களும் தில்லியில் வளர்ந்தவர் என்பதால் கேட்கிறேன்.

க.ர., மயூர் விஹார்

அன்புள்ள க.ர.,

உங்கள் மகள் சொன்னதில் தப்பில்லை. விளையாட்டாக மட்டும் பார்த்தால் 'கார்மென் சான்டியேகோ' எளிமையானதுதான். 1985-இல் அமெரிக்காவின் புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டது. திங்கள் காலை 9 மணிக்கு வழக்கு கைக்கு வரும், ஞாயிறு மாலை 5 மணிக்குள் முடித்தாக வேண்டும். வங்கியிலோ நூலகத்திலோ விசாரித்தால் கொடியின் நிறத்தையோ நாணயத்தின் பெயரையோ சொல்வார்கள். அதை வைத்து, இருக்கும் 30 ஊர்களில் திருடன் எதற்குப் போனான் என்று ஊகிக்க வேண்டும். ஆளைக் கண்டுபிடித்தாலும், அதற்குள் வாரண்ட் வாங்கியிருக்காவிட்டால் கைது கிடையாது. எனக்கு அதில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

ஆனால் அசல் பெட்டியில் டிஸ்க்கோடு இன்னொன்றும் இருந்தது: 'வேர்ல்டு அல்மனாக்' என்ற ஆண்டுநூல். துப்பு கிடைத்ததும் அதைத்தான் புரட்ட வேண்டும். விளையாட்டில் துப்பறிவாளராகப் பதவி உயர்வு பெறவும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும். திருட்டு நகலைத் தடுக்க அப்படி ஓர் ஏற்பாடு. எங்களிடம் இருந்ததோ கம்ப்யூட்டர் கடைகளுக்குப் பேர்போன நேரு பிளேஸ் பக்கமிருந்து கைமாறிக் கைமாறி வந்த நகல். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் மேல்வீட்டு மாமாவின் கம்ப்யூட்டரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுமதி. புத்தகம் கிடையாது, அதனால் ப்ரமோஷனும் கிடையாது. அந்த வருஷம் ஆபீசில் அப்பாவுக்கும் ப்ரமோஷன் தள்ளிப்போயிருந்ததால் இந்தச் சோகத்தை வீட்டில் சொல்லி அழக்கூட முடியவில்லை.

அல்மனாக் இல்லாத குறையைத் தில்லி தீர்த்தது. எங்கள் ஸ்கூல் பஸ் சாந்திபத் வழியாகப் போகும். இரண்டு பக்கமும் தூதரகங்கள், வாசலில் கொடிகள். நார்வேயின் கொடியையும் ஜப்பானின் கொடியையும் நான் படித்தது பஸ் ஜன்னலில்தான். நான்கு மூலை இல்லாத நேபாளக் கொடியை பாரகம்பா சாலையில் பார்த்தேன், அது துணி கிழிந்துபோன கொடி என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். "பணத்தை ரூபாயாக மாற்றினார்" என்ற துப்பு வந்தால் அமெரிக்கப் பையனுக்குப் புத்தகம் வேண்டும். எங்களுக்கோ சண்டை வரும். புதுதில்லி, கொழும்பு, காட்மாண்டு மூன்றும் அந்த 30-இல் உண்டு, மூன்றிலும் ரூபாய்தான்.

சரி, கற்றது எவ்வளவு? ருவாண்டாவின் கிகாலியில் நான் எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, நடுவில் 'ஆர்' எழுத்து: கொடி மனப்பாடம். 1994-இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தபோது அந்த ஊர்ப் பெயர் பேப்பரில் தினமும் வர ஆரம்பித்தது. வீட்டில் வேறு யாருக்கும் அது வெறும் பெயர், எனக்குத் தெரிந்த ஊர். படிக்கப் படிக்கத்தான், கொடியைத் தவிர அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது உறைத்தது. ஆனாலும் கடைசி வரி வரை படித்தேன். அந்தப் பெயர் முன்பே தெரிந்திருக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் கொடியையும் 2001-இல் மாற்றிவிட்டார்கள்.

உங்கள் மகள் தோற்றாள் என்று நான் சொல்ல மாட்டேன். போனில் கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில் வரும், அவ்வளவுதான். ஆண்டுநூலில் கொமொரோஸ் தீவுகளைத் தேடினால் வழியில் கொலம்பியா மறிக்கும், காபியைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டு எதைத் தேடி வந்தோம் என்பதையே மறந்துபோவோம். அதனால் இன்னொரு தடவை விளையாடச் சொல்லுங்கள், போன் உங்கள் பையில் இருக்கட்டும், அவள் கையில் பழைய அட்லஸ் ஒன்று இருக்கட்டும். பெய்ஜிங்கின் பழைய பெயரான பீகிங் என்றால் எது என்று கேட்பாள், அப்புறம் சோவியத் கொடி யாருடையது என்பாள். அதற்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த 30 ஊர்களில் மொரோனியும் ஒன்று. எந்த நாட்டின் தலைநகரம்? மேலே பார்க்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்