கூட்டத்தை எந்தத் தெருவுல போடணும்?

கேள்வி: அக்கா, காரைக்குடி பக்கத்துல ஒரு கிராமம் எங்களுது. பத்துப் பொம்பளைங்க சேர்ந்து மாசாமாசம் திருவாசகம் முற்றோதல் பண்றோம். எங்க அம்மன் திருவிழாவுக்கு காலனிக்காரங்ககிட்ட தலைக்கட்டு வரி வாங்கறதில்ல, அன்னதானத்துலயும் அவங்களுக்குக் கடைசிப் பந்திதான். மனசு கேக்காம காலனியில ஃப்ளெக்ஸ் கட்டி விழிப்புணர்வு கூட்டம் போட்டோம், நாலு பேர்தான் வந்தாங்க. ஊர்ப் பெரியவங்க வேற 'சாமி கும்பிடுறதோட நிறுத்திக்க, அரசியல் பண்ணாத'ங்கறாங்க. நான் செய்யறது தப்பா?

பதில்: தப்பே இல்லம்மா, ஆனா கூட்டத்தைத் தப்பான தெருவுல போட்டுட்டீங்க. கடைசிப் பந்தின்னா என்னன்னு காலனிக்காரங்களுக்கு ஃப்ளெக்ஸ் கட்டியா சொல்லணும், அவங்க அதுல உக்காந்து சாப்பிட்டவங்க. சொல்ல வேண்டியது உங்க தெருவுல, அதுக்கும் முன்னாடி உங்க வீட்டுல. வேலைக்கு வர்றவங்களுக்குத் தனி டம்ளர் வச்சிருக்கீங்களா? நீங்க எழுதலை, அதான் கேக்கறேன்.

வரி விஷயத்தை நீங்க முதல்ல எழுதினது ரொம்ப சரி. வெளியூர்க்காரங்களுக்கு இது புரியாது, வரி இல்லைன்னா லாபம்தானேம்பாங்க. வரி வாங்கலைன்னா நோட்டுல பேர் இல்ல, பேர் இல்லைன்னா திருவிழாவுல பங்கு இல்ல, மரியாதை இல்ல, ஊர்க்கூட்டத்துல வாய் திறக்க முடியாது. பந்தியை மாத்துறது ஒரு நாள் வேலை, அந்த நோட்டுதான் பெரிய வேலை. நம்ம தேவகோட்டை பக்கத்துக் கண்டதேவி கோயில் தேர், வடத்தை எந்தெந்த சாதிக்காரங்க பிடிக்கறதுங்கற தகராறுல எத்தனை வருஷம் ஓடாம நின்னுச்சு, 2024-ல கோர்ட் உத்தரவுக்கப்புறம் போலீஸ் காவலோடதானே ஓடுச்சு.

அரசியல் பண்ணாதன்னு சொல்றவங்ககிட்ட திருக்கோஷ்டியூரைக் காட்டுங்க, உங்க ஊர்ல இருந்து பஸ் ஏறினா போயிடலாம். 18 தடவை நடையா நடந்து வாங்கின மந்திரத்தை ராமானுசர் கோபுரத்துல ஏறி எல்லாருக்கும் சொன்னாருங்கற கதை அவங்களுக்கும் தெரியும். அதுல நாம கவனிக்காத இடம் ஒண்ணு இருக்கு, நரகம் வந்தா எனக்கு வரட்டும்னாரு, கேட்டவங்க தலையில அதைக் கட்டலை. உங்க ஊர்ல அப்படியா? நீங்க சத்தம் போட்டா நாளைக்கு வயல் வேலை நிக்கறது, கைமாத்துக் கடனைக் கேட்டு வாசல்ல வந்து நிக்கறது எல்லாம் காலனிக்குத்தான். அதனால எதுவும் செய்யறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட போய், மைக் இல்லாம, என்ன வேணும்னு கேளுங்க. இப்ப வேணாம்னு சொன்னா பொறுங்க. புகார் குடுக்கணும்னு அவங்களே சொன்னா தீண்டாமைக்கு எதிரான 1955 சட்டம் இருக்கு, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மேல நடக்கற வன்கொடுமையைத் தடுக்கற 1989 சட்டம் இருக்கு, புகார் சொல்ல 14566-னு இலவச போன் நம்பர் இருக்கு, கூட துணைக்குப் போங்க.

பந்திக்கு நீங்க பத்துப் பேரும் ஒண்ணு பண்ணலாம், முதல் பந்தியில உக்காராம கடைசிப் பந்தியில போய் அவங்களோட இலை போட்டு உக்காருங்க. யார் தடுக்க முடியும்?

அப்புறம் அடுத்த திருவிழாவுக்கு நோட்டு எழுதற கூட்டம் வரும்ல, பொம்பளைங்களை அங்க பேச விடுவாங்களான்னு எனக்கே சந்தேகம்தான். விடலைன்னா உங்க வீட்டுக்காரரை எந்திரிச்சு கேக்கச் சொல்லுங்க. அவர் என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க.