குட்டிக்கு வீடு பாக்கறவங்க கேட்டது: சேலம் பூனைக் கேள்வி பதில்

சேலம் டவுன்லயும் ஏற்காட்டுலயும் தெருவுல கிடைக்கிற பூனைகளுக்கு வீடு பாத்துக் குடுக்கறது பல வருஷமா என் வேலை. அது சம்பந்தமா என்ன வேணா கேளுங்க. மருந்து அளவு மட்டும் கேக்காதீங்க, நான் டாக்டர் இல்லை.

அம்மாபேட்டை, தறிக்காரர்: அக்கா, தறிக்குழிக்குள்ள பூனை மூணு குட்டி போட்டிருக்கு. இன்னும் கண்ணே திறக்கலை. ரெண்டு நாளா தாயைக் காணோம். எடுத்துட்டு வந்து உங்ககிட்ட குடுத்துடட்டுங்களா?

எடுக்காதீங்க அண்ணா, ஒரு நிமிஷம். கண்ணு திறக்காத குட்டி ரெண்டு நாள் பால் இல்லாம உயிரோட இருக்காது. இருக்குன்னா தாய் வந்துட்டுப் போகுதுன்னு அர்த்தம். நீங்க பாக்கறப்ப வரலை, அவ்வளவுதான்.

சந்தேகமா இருந்தா இப்படிப் பண்ணுங்க. தறியை நிறுத்திட்டு, குழியைச் சுத்தி அரிசி மாவை லேசாத் தூவுங்க. கடையில விக்கற கல்மாவுக் கோலப்பொடி வேண்டாம், அதுங்க நக்கும். விளக்கை அணைச்சுட்டு மூணு நாலு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீங்க. திரும்பி வந்து பாத்தா மாவுல கால் தடம் இருக்கும். குட்டிங்க வயிறு உருண்டையா, ஒண்ணுமேல ஒண்ணு படுத்துத் தூங்கிட்டிருந்தா பால் குடிச்சிருக்குன்னு அர்த்தம். வயிறு ஒட்டி, உடம்பு சில்லுன்னு, விடாம கத்திக்கிட்டே இருந்தாத்தான் அனாதை.

குட்டி கிடக்கறப்ப தறியை மிதிக்க முடியாது, தெரியும். குழிக்கு ரெண்டு அடி தள்ளி ஒரு அட்டைப்பெட்டியில பழைய புடவை போட்டு, தாய் கண்ணுல படற மாதிரி மாத்தி வைங்க. எப்படியும் பூனை ஏழு வீடு மாத்தும்னு சொல்லுவாங்க இல்ல, அதுவே தூக்கிட்டுப் போனாலும் நல்லதுதான்.

நிஜமாவே அனாதைன்னா முதல்ல சூடு, அப்புறம்தான் பால். உடம்பு சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் செரிக்காது. பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, துண்டு சுத்திப் பக்கத்துல வைங்க. மாட்டுப்பால் வேண்டாம், கழிச்சல் வந்து போயிடும். பூனைக்குட்டிக்குன்னே பால்பவுடர் விக்குது. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருதரம், ராத்திரியும் சேத்து. குட்டியைக் குப்புறப் படுக்க வெச்சுத்தான் குடுக்கணும், கைக்குழந்தை மாதிரி மல்லாக்க வெச்சா பால் நுரையீரலுக்குப் போயிடும். குடிச்சதும் ஈரப் பஞ்சால அடிப்பக்கம் தடவி விடுங்க, இல்லேன்னா அதுக்கு மூத்திரம் போகத் தெரியாது.

குட்டிங்க பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடுங்க. குட்டி பால் குடிச்சுட்டிருக்கறப்பவே தாய் மறுபடி சினை பிடிக்கும். இதை இன்னிக்குப் பலதரம் சொல்லப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி: எத்தனை நாள்ல குட்டியைத் தத்து குடுக்கலாம்க்கா? இப்ப அஞ்சு வாரம் ஆகுது. கேட்டுட்டே இருக்காங்க.

கேக்கறவங்க காத்திருக்கட்டும். எட்டு வாரம் கண்டிப்பா, பத்துப் பன்னெண்டு வாரம்னா இன்னும் நல்லது. பிறந்த தேதி தெரியலைன்னா எடை போடுங்க. எட்டு வாரக் குட்டி 900 கிராம் பக்கம் இருக்கும். ரெண்டாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரத்துக்குள்ள மனுஷக் கை எவ்வளவு படுதோ அவ்வளவு பழகும். அதனால இப்போ தினமும் தூக்குங்க, ஹாஸ்டல் பொண்ணுங்க எல்லாரும் தூக்கட்டும். கடிச்சு விளையாடறதுல எங்க நிறுத்தணும்னு தாயும் கூடப்பிறந்ததுங்களும்தான் கத்துக் குடுக்கும். முடிஞ்சா ரெண்டு ரெண்டா குடுங்க.

தாய்க்கு ஆபரேஷன்?

ஐந்து ரோடு: ஒருத்தர் போன் பண்ணி, பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டு வாங்க, உடனே எடுத்துக்கறேன்னாரு. குடுக்கலாமா?

பஸ் ஸ்டாண்டுல கை மாத்தறதுக்கு அது பார்சல் இல்லீங்க. எடுத்துக்கறேன்னு முதல்ல சொல்றவரு கிடைச்சதும் வீடு கிடைச்சாச்சுன்னு நினைச்சுடறோம். குட்டியை எங்கேயாவது தள்ளிவிட்டாப் போதும்னு அவசரம் நம்மகிட்டதான் இருக்கும். அவரு வீட்டுக்கு நீங்களே கொண்டு போங்க.

நான் கேக்கறதைச் சொல்றேன். வீட்டுல முடிவு பண்றது யாரு, அவங்க சரின்னு சொன்னாங்களா? மாமியாருக்கோ வீட்டு ஓனருக்கோ தெரியாம வளக்கற குட்டி ரெண்டு மாசத்துல தெருவுக்கு வந்துடும். எத்தனாவது மாடி, பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை இருக்கா? தீபாவளிக்கு ஊருக்குப் போனா யாரு பாத்துக்குவாங்க?

எல்லாத்தையும் விட முக்கியமானது, இதுக்கு முன்னாடி வளத்த பூனை என்ன ஆச்சு? "ஓடிப்போச்சு, செத்துப்போச்சு, தெரியலை"ன்னு வரிசையா வந்தா நான் நம்பரையே அழிச்சிடுவேன். குட்டி வாந்தி எடுத்து, கழிச்சலாகி ரெண்டே நாள்ல செத்ததுன்னு சொன்னா அது பூனைப் பார்வோங்கற வைரஸ் நோயா இருக்க நிறைய வாய்ப்பு. அந்தக் கிருமி வீட்டுக்குள்ள ஒரு வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கும். பினாயில், டெட்டாலுக்கெல்லாம் அது சாகாது, பிளீச் கரைசல் பத்து நிமிஷம் ஊறணும். பினாயில் பூனைக்கே விஷம், அது வேற. அந்த வீட்டுக்குத் தடுப்பூசி முடிஞ்ச பெரிய பூனையா குடுங்க, சின்னக் குட்டி கூடாது. ஆறு எட்டு வாரத்துல முதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒருதரம், பதினாறு வாரம் வரைக்கும். வெறிநோய் ஊசி பன்னெண்டு வாரத்துல.

"வேண்டாம்னு தோணிச்சுன்னா எனக்கே திருப்பிக் குடுத்துடுங்க, ஏன்னு கேக்க மாட்டேன்"னு சொல்லிட்டுக் குடுங்க. அதைச் சொல்லாம விட்டதாலதான் பாதிக் குட்டி தெருவுக்கு வருது.

கொண்டலாம்பட்டி, குடோன்: எலித் தொல்லை தாங்கலை. ரெண்டு குட்டி கிடைக்குமா?

குட்டி எலி பிடிக்காது, எலிதான் குட்டியைக் கடிக்கும். மனுஷங்ககிட்ட பழகாத, ஆபரேஷன் முடிஞ்ச பெரிய பூனை ரெண்டு தர்றேன். மூணு வாரம் ஒரு ரூம்ல அடைச்சு வெச்சுச் சோறு போடணும், அப்பத்தான் அது தன் இடம்னு தங்கும். எலி மருந்து வைக்கறீங்களா? வெச்சா பூனை இல்லை. மருந்து தின்ன எலியைத் தின்னா பூனையும் சாகும்.

சூரமங்கலம்: எட்டுக் குட்டி இருக்கு, யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க. ஏற்காட்டுல கொண்டுபோய் விட்டா காத்து, மரம்னு பொழைச்சுக்கும் இல்லீங்களா?

பொழைக்காது. வீட்டுச் சோறு தின்ன குட்டிக்கு வேட்டை தெரியாது. ராத்திரி 1,500 மீட்டர் உயரத்துக் குளிரு, நாய், கீரி. பட்டினி கிடக்கிற மாதிரி பிராணியைக் கைவிட்டுட்டுப் போறது 1960-ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல பதினொண்ணாவது பிரிவுப்படி குற்றமும் கூட. எட்டுக் குட்டியும் ஒரே ஈத்தா, ரெண்டு ஈத்தா? ரெண்டுன்னா தாய்க்கு ஏன் ஆபரேஷன் பண்ணலைன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களே கேட்டுக்கோங்க.

நாகலூர், காபி எஸ்டேட்: மேல இருக்கறவரு மாதிரி ஆளுங்களாலதான் எங்க உயிர் போகுது. சனி ஞாயிறு கார்ல வர்றாங்க, கொண்டை ஊசி வளைவுல அட்டைப்பெட்டியை இறக்கிட்டு, போட்டோ எடுத்துட்டு இறங்கிப் போயிடறாங்க. லைன் வீட்டுல இப்போ ஆளை விடப் பூனை அதிகம்.

தெரியுங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்லை. பெட்டையா பாத்து முதல்ல பிடிங்க. ஆபரேஷனுக்குக் கீழ கொண்டு வர்ற அன்னிக்குக் காலையில சோறு போடாதீங்க, இருபது வளைவு இறங்கறதுக்குள்ள எல்லாம் வாந்தி எடுக்கும். கிளம்பறதுக்கு முன்னாடியே கூடையை ஒரு துணியால மூடிடுங்க. ஆபரேஷன் ஆனதுக்கு அடையாளமா காது நுனியைக் கொஞ்சம் வெட்டி விடச் சொல்லுங்க, மறுபடி பிடிச்சு அலைய வேண்டியதில்லை.

செவ்வாப்பேட்டை: நாங்க சுத்த சைவம். குட்டி வளக்க ஆசை. பால், தயிர்சாதம், பருப்பு போட்டு வளக்கலாமா?

தயிர்சாதத்துல வளக்கறதா இருந்தா பூனை வேண்டாம், முயல் வளங்க.

செவ்வாப்பேட்டை: என்ன அக்கா இப்படிச் சொல்றீங்க? எங்க பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதத்துலயே பதினாலு வருஷம் இருந்துச்சு.

பாட்டி போட்டது தயிர்சாதம். அது தின்னது எலி, பல்லி, அணில், அடுத்த வீட்டு மீன். ஓட்டு வீட்டுல இருந்த பூனைக்கு அந்த வசதி இருந்துச்சு. மூணாவது மாடியில வலை அடிச்சு அடைச்சு வெச்ச பூனைக்கு நீங்க போடறது மட்டும்தான்.

குகை: சைவ வீட்டுக்குக் குடுக்க மாட்டேன்னா, நல்ல வீட்டையெல்லாம் ஒதுக்கறீங்களே. கறியில இருக்கற டாரின்ங்கற சத்துதானே பிரச்சனை? அதை மாத்திரையா வாங்கி சாதத்துல கலந்துட்டா?

இதைக் கேட்டதுக்குச் சந்தோஷம், நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் இருக்கு. டாரின் இல்லேன்னா பூனைக்குக் கண்ணு போகும், இதயம் வீங்கும். 1987-ல கலிபோர்னியாவுல ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க: கறி கலந்த பாக்கெட் தீனியே தின்ன பூனைகளுக்கும் இதயம் வீங்கியிருந்துச்சு. பாக்கெட்டுல டாரின் போதலை. அதுக்கப்புறம்தான் கம்பெனிங்க அளவைக் கூட்டுனாங்க. கறித் தீனியிலயே குறைஞ்சா இந்தக் கதி, தயிர்சாதத்துல எங்க வரும்?

டாரின் மாத்திரை போட்டாலும் முடியாது. கேரட்டுல இருக்கறதை நம்ம உடம்பு வைட்டமின் ஏ-வா மாத்திக்கும், பூனை உடம்புக்கு அது முடியாது. கறி, ஈரல்ல இருந்துதான் கிடைக்கணும். அராகிடோனிக் அமிலம்னு ஒரு கொழுப்பு, அதுவும் அப்படித்தான். புரதமும் நம்மளை விட அதிகமா வேணும். ஒண்ணு ஒண்ணா மாத்திரை வாங்கிச் சேக்கறதுக்கு நீங்க மருந்துக்கடைதான் வைக்கணும்.

குகை: அப்ப சைவக்காரங்க பூனையே வளக்கக் கூடாதா?

அப்படி நான் சொல்லவே இல்லையே. சைவ வீடுகளுக்கு நிறையக் குடுத்திருக்கேன், பல வீட்டுல என்னை விட நல்லா வளக்கறாங்க. பாக்கெட் தீனி போடறாங்க. அதுல கோழி, மீன் பொடிதான் இருக்கு, ஆனா சமையல்கட்டுல எதுவும் வேகறதில்லை. தட்டு, கரண்டி தனி, பால்கனியில சாப்பாடு. அதுக்கும் மனசு ஒப்பலைன்னா அதுல தப்பே இல்லை, உங்க வழக்கம் உங்களுக்கு. ஆனா உங்க விரதத்தைப் பூனை இருக்கணும்னு எதிர்பாக்காதீங்க.

செவ்வாப்பேட்டை: முட்டை மட்டும்?

போதாது. பாக்கெட் வாங்குங்க.

பொன்னம்மாபேட்டை: நாங்க அசைவம்தான். கோழியை வேகவெச்சு, தண்ணியை ஊத்திட்டுக் குடுக்கறோம்.

அந்தத் தண்ணியிலதான் டாரின் இறங்கியிருக்கு, அதையும் சேத்துக் குடுங்க. உப்பு, வெங்காயம், பூண்டு கூடாது. கருவாடு தினமும் கூடாது, உப்பு. வெறும் கோழியே தினமும் போட்டா சுண்ணாம்புச் சத்துக் குறையும், பாக்கெட்டையும் கலந்துக்கோங்க.

அழகாபுரம்: மனைவி மாசமா இருக்காங்க. பூனையை வேற எங்கயாவது குடுத்துடணும்னு பெரியவங்க சொல்றாங்க.

குடுக்க வேண்டியதில்லை. டாக்சோபிளாஸ்மா கிருமிக்குத்தான் பயம். பூனை மலத்துல வந்தாலும் அது தொத்தற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். மலத்தை தினமும் நீங்க எடுத்துடுங்க, அவங்க தொட வேண்டாம். சரியா வேகாத கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண்ணு இதுலதான் அதிகம் தொத்துது. அவங்களைப் பாக்கற டாக்டர்கிட்ட பூனை இருக்குன்னு சொல்லிடுங்க.

தாதகாப்பட்டி: பெர்சியன் குட்டி இருக்கா?

இல்லை.

அயோத்தியாப்பட்டணம்: மூணு கலர்ல கடுவன் குட்டி வேணும்.

மூணு கலர்னா கிட்டத்தட்ட எப்பவும் பெட்டைதான். வெள்ளையில எடுத்துக்கோங்க.

கன்னங்குறிச்சி: குட்டிக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு. குழந்தைக்குக் குடுக்கற பாரசிட்டமால் கால் மாத்திரை?

குடுக்கவே குடுக்காதீங்க, ஒரு சின்னத் துண்டே பூனையைக் கொன்னுடும். நாய்க்குப் போடற உண்ணிப் பவுடரும் அப்படித்தான். இப்பவே கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

மெய்யனூர்: பூனைக்குட்டிக்குப் பால் குடுக்கலாமா?

மேல இருக்கு.

ஜாகீர் அம்மாபாளையம்: கருப்புக் குட்டியை யாருமே எடுக்க மாட்டேங்கறாங்க. சகுனமாம்.

வாசல்ல கட்டிப் போட்டு "எடுத்துக்கோங்க"ன்னு போர்டு வெச்சா எடுக்க மாட்டாங்கதான். வெயில் படற ஜன்னல்ல வெச்சுப் போட்டோ எடுங்க, கண்ணு ரெண்டும் தெரியட்டும். என்ன பழக்கம்னு நாலு வரி எழுதுங்க. கருப்பைத் தேடி வர்றவங்களும் இருக்காங்க.

அரிசிப்பாளையம்: தெருப்பூனை பிறாண்டிடுச்சு, லேசாத்தான்.

சோப்புப் போட்டு ஓடற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு, இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. வெறிநோய் ஊசி அங்க இலவசம்தான். லேசா, ஆழமான்னு நீங்க முடிவு பண்ணாதீங்க.

நெத்திமேடு: குட்டிக்குப் பசும்பால்ல தண்ணி கலந்து...

கலந்தாலும் வேண்டாம்!

ஃபேர்லேண்ட்ஸ்: ரெண்டு குட்டியும் எங்களுக்கே வேணும். பெரியவங்களுக்கும் சம்மதம். நாளைக்கு வந்து எடுத்துக்கட்டுமா?

நீங்க வர வேண்டாம், நான் கொண்டு வர்றேன். எத்தனாவது மாடின்னு சொல்லலையே? ஜன்னலுக்கு வலை அடிச்சுட்டு போட்டோ அனுப்புங்க, அதைப் பாத்துட்டு நாள் சொல்றேன்.