அலுமினியப் படகின் தளமும் ஒயரிங்கும்: செம்பை அண்டவிடாதீர்கள்

வணக்கம் நண்பரே. உப்பனாற்றில் ஓட்டும் பழைய அலுமினியப் படகின் தளம் உளுத்துவிட்டது, விளக்குகள் விட்டுவிட்டு எரிகின்றன, மருந்தேற்றிய பிளைவுட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைக்காரரிடம் மருந்தில் செம்பு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். படகுக்கென விற்கும் மரைன் பிளைவுட்டிலும் இருக்கலாம். செம்பு ஈரத்தில் கசிந்து அலுமினியத்தில் பட்டால் தகட்டில் குழி குழியாக அரிப்பு விழும்; உப்புநீரில் இன்னும் வேகமாக. செம்பில்லாத பலகையை வாங்கி, வெட்டிய விளிம்பு, திருகுத் துளை எதையும் விடாமல் எபாக்சி பிசின் பூசுங்கள். துருப்பிடிக்காத எஃகுத் திருகும் அலுமினியத்துக்குப் பகைதான். இடையே நைலான் வாஷர் வையுங்கள்.

பழைய தளத்தைப் பெயர்த்ததும் அடியிலுள்ள மிதவை நுரையை அழுத்திப் பாருங்கள். நீர் கசிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். வெள்ளைப் பொடி படிந்த இடங்களைச் சுரண்டி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது மிக முக்கியம்.

விளக்குக்குப் போகும் ஒயரின் உறையைச் சிறிது சீவுங்கள். உள்ளே கம்பி கறுத்திருந்தால் முழுவதையும் மாற்றுங்கள், ஒட்டுப்போடாதீர்கள். வெள்ளீயம் (டின்) பூசிய செம்பு ஒயரே கடற்கரைக்கு ஏற்றது. காரில் செய்வதுபோல உடற்பகுதியையே நெகட்டிவ் ஒயராகப் பயன்படுத்தவே கூடாது. கசியும் மின்சாரம் தகட்டைத் தின்றுவிடும். ஒவ்வொரு விளக்குக்கும் பாசிட்டிவ், நெகட்டிவ் என இரண்டு ஒயர் இழுங்கள். பாசிட்டிவ் ஒயரில், பேட்டரியிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வேண்டும்.

தளத்தை மூடுமுன் ஒயர்களைப் பிவிசி குழாயில் விட்டு, கூடவே ஒரு நைலான் கயிற்றையும் போட்டுவையுங்கள். பின்னால் புது ஒயர் இழுக்கத் தளத்தைப் பெயர்க்க வேண்டியிருக்காது.