இன்சுலின் பேனாவுக்கு வீட்டிலேயே மூடி செய்யலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது. காலையும் இரவும் 30/70 இன்சுலினை (இரண்டு வகை கலந்தது) நான்தான் பேனாவில் போட்டுவிடுகிறேன். கார்ட்ரிட்ஜ் (மருந்துக் குப்பி) மாற்றிப் பயன்படுத்தும் பேனா. அதன் மூடி உடைந்துவிட்டதால் ஊசியைக் கழற்றாமல், சின்ன மூடியை மட்டும் மாட்டி வைக்கிறேன். போன மாதம் அப்படி மாட்டும்போது என் விரலில் குத்திவிட்டது. இன்ஜினியரிங் படிக்கும் மகன், 3டி பிரிண்டரில் பாதுகாப்பான மூடி செய்து தருவதாகச் சொல்கிறான். செய்யலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் விரலைப் பார்ப்போம். உங்கள் மாமியாருக்கு ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரிசோதனைகள் செய்துவிடுங்கள். உங்களுக்கும் இப்போது ஒரு முறை, குத்தி 6 மாதம் ஆனதும் ஒரு முறை. இனி எப்போதாவது குத்தினால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தேவைப்பட்டால் 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரம் தாண்டக் கூடாது.

இனி மூடிக்கு வருவோம். இதில் மூன்று மூடிகள் இருக்கின்றன. பேனாவின் மூடி ஒன்று. புது ஊசியோடு வரும் பெரிய வெளிமூடி ஒன்று. அதற்குள் ஊசியை ஒட்டியே இருக்கும் மெல்லிய சின்ன மூடி ஒன்று. உங்களைக் குத்தவைத்தது மூன்றாவது. அதன் வாய் மிகச் சிறியது. பிடிக்கிற விரலும் ஊசி வரும் பாதையும் சில மில்லிமீட்டர் இடைவெளியில்தான் இருக்கும். கண் கொஞ்சம் மங்கலாக இருந்தாலோ, கை லேசாக நடுங்கினாலோ குத்தும். ஊசி போடுமுன் கழற்றிய சின்ன மூடியை அப்போதே குப்பையில் போட்டுவிடுங்கள். கையில் இல்லாவிட்டால் திருப்பி மாட்டும் ஆசை வராது.

போட்டு முடித்ததும் பெரிய மூடியை மட்டும் பயன்படுத்துங்கள். அதை மேசையில் வாய் மேலாக நிறுத்தி, ஒரே கையால் பேனாவைப் பிடித்து ஊசியை உள்ளே இறக்குங்கள். மறு கை அந்தப் பக்கமே போகக் கூடாது. ஊசி உள்ளே போய் அழுந்திய பிறகுதான் மூடியின் பக்கவாட்டைப் பிடித்துத் திருகிக் கழற்ற வேண்டும்.

ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைப்பது வேறொரு தொல்லை. வெயிலில் மருந்து விரிந்து ஊசி வழியாகக் கசியும், குளிர்ந்தால் காற்று உள்ளே போகும். காற்றுக் குமிழி இருந்தால் பட்டனை முழுக்க அழுத்தினாலும் மருந்து மெதுவாகவே இறங்கும், டோஸ் குறையும். 30/70 போன்ற கலங்கலான இன்சுலினில் தெளிந்த நீர் மட்டும் கசிந்தால் மிச்சமிருப்பதன் அடர்த்தியே மாறிவிடும். சர்க்கரை காரணமில்லாமல் ஏறி இறங்கினால் இதையும் சந்தேகப்படுங்கள்.

உங்கள் மகன் முதலில் செய்ய வேண்டியது மூடி அல்ல, ஒரு தாங்கி. மேலே சொன்னபடி மேசையில் நிறுத்தும் பெரிய மூடி லேசானது, தட்டினால் சாயும். 8 செ.மீ. அகலமுள்ள கனமான அடிக்கட்டை, நடுவில் ஒரு குழி, அடியில் வழுக்காத ரப்பர். பெரிய மூடியின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, குழியை 0.3 மி.மீ. மட்டும் கூட்டட்டும். மூடியின் மூன்றில் இரண்டு பங்கு உயரம் குழிக்குள் உட்கார வேண்டும். பெரும்பாலான மூடிகளின் வெளிப்புறத்தில் நீள வரிகள் இருக்கும். குழியின் உட்சுவரிலும் அதற்கேற்ற வரிகள் இருந்தால், பேனாவைத் திருகும்போது மூடி கூடவே சுற்றாது. ஊசியை ஒரே கையால் கழற்றிவிடலாம். பிறகு தாங்கியைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவின் மேல் கவிழ்த்து, அடியிலிருந்து ஒரு குச்சியால் தள்ளினால் மூடியோடு ஊசி விழும். (குழி அடிவரை திறந்திருக்க வேண்டும்.) ஊசிக்குப் பின்பக்கமும் ஒரு கூர்முனை உண்டு, கார்ட்ரிட்ஜைத் துளைப்பது அதுதான். பலர் அதை மறந்து விரலை விடுகிறார்கள்.

பேனா மூடியையும் செய்யலாம். ஒளி புகாத பிளாஸ்டிக்காக இருக்கட்டும். இன்சுலினுக்கு வெயிலும் வெளிச்சமும் ஆகாது. முக்கியமானது, ஊசி மாட்டியிருந்தால் மூடி உட்காரவே கூடாது. ஊசியின் பிளாஸ்டிக் அடிப்பகுதி, பேனாவின் மரைமுனையைவிட (ஊசியைத் திருகி மாட்டும் முனை) அகலமானது. மரைமுனை மட்டும் நுழையும் ஒரு படியை உள்ளே வைத்தால் அந்த அடிப்பகுதி முட்டி நிற்கும். ஆனால் படிக்கு அப்பால் நடுவே 10 மி.மீ.க்கு மேல் வெற்றிடம் விட வேண்டும், இல்லையென்றால் அழுத்தும்போது ஊசி மூடியின் சுவரில் மோதி வளையும்.

மூடி மிக இறுக்கமாக இருப்பதும் ஆபத்து. பலமாக இழுத்துத் திடீரென்று விடுபடும்போது கை தானாக முன்னே பாயும். ஒரு ‘கிளிக்’ போதும், மூட்டுவலி உள்ளவர் இரண்டு விரலால் எடுக்க முடிய வேண்டும். பக்கத்தில் ஒரு கிளிப் இருந்தால் மேசையில் உருளாது. பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சிட்டால் காருக்குள் வைக்க வேண்டாம், 60 டிகிரியில் இளகும்.

மூடியின் நிறத்தை வைத்து மருந்தை அடையாளம் காணாதீர்கள். நாளை டாக்டர் இரண்டாவது இன்சுலினும் எழுதினால் மூடிகள் இடம் மாறிவிடும். பெயரைப் பேனாவின் உடம்பிலேயே ஒட்டுங்கள்.

இதையெல்லாம் செய்ய நேரமில்லையென்றால், குத்தி எடுத்ததும் உறை தானாக இறங்கிப் பூட்டிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசி விற்கிறது, விலை கூடுதல். பிறருக்குப் போட்டுவிடுபவர்களுக்கு அதைத்தான் நான் எழுதித் தருவேன்.

மகன் தாங்கியை முடித்ததும் முதல் சோதனைகளைப் பயன்படுத்தாத ஊசியில், மருந்து இல்லாத கார்ட்ரிட்ஜுடன் செய்து பார்க்கட்டும். மாமியார் பயன்படுத்திய ஊசியைத் தொட வேண்டாம்.